நூறு மடங்குப் பொய்

சவரக் கத்தியின் விளிம்பைச் சோதிக்க எந்தப் பூதக்கண்ணாடி வாங்குவது? இதுவும் ஒரு விஷயமா, இதைப் பற்றி ஒரு கதாசிரியன் பக்கம் பக்கமாக எழுதலாமா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். தினமும் கழுத்தில் வைக்கிற இரும்பு ஒன்று. அதை நம்பலாமா கூடாதா என்று சொல்கிற கண்ணாடி ஒன்று. இவற்றைப் பற்றிப் பேசாமல் நிலாவையும் மல்லிகையையும் மட்டும் பேசிக்கொண்டிருப்பதுதான் இலக்கியம் என்றால், அந்த இலக்கியத்துக்கு ஒரு கும்பிடு.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காலத்தில் நாவிதரின் அடைப்பத்தில் இருந்த மடக்குக் கத்தி சலூன்களை விட்டுப் போய்விட்டது. போனதில் எனக்கு வருத்தமில்லை. 1986-ஆம் வருஷம் சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அந்தப் பயமும், மஞ்சள் காமாலைக் கிருமிகளைப் பற்றிய பயமும் சேர்ந்து, ஒரே கத்தியை ஊர் முழுவதும் பங்கு போட்டுக்கொள்ளும் வழக்கத்துக்கு முடிவு கட்டின. பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகி, ஆளுக்கு ஒன்று என்று தூக்கி எறியும் கத்தி வந்தது. அது நியாயமான மாறுதல். பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யாராவது கொடி பிடித்தால் அந்த ஊர்வலத்தில் நான் இல்லை.

ஆனால் அந்த மடக்குக் கத்தி இப்போது வேறு வீட்டில் மறுபிறவி எடுத்திருக்கிறது. படித்த இளைஞர்கள், நல்ல சம்பளக்காரர்கள், ‘என் முகத்துக்கு என் கத்தி’ என்று சொந்தமாக வாங்கிக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் ஸோலிங்கன் என்ற ஊரில் செய்த கத்தி. அதைத் தீட்ட ஜப்பான் கல். கடைசியில் வழித்தெடுக்கத் தோல் வார். இதுவும் நல்லதே. தன் கருவியைத் தானே பழக்கிக்கொள்கிற மனிதனிடம் எனக்கு மரியாதை உண்டு. வினை இதற்கு அடுத்த படியில்தான் வருகிறது. கத்தி கூராகிவிட்டதா என்று பார்க்க ஒரு கண்ணாடி வேண்டும் அல்லவா? செல்போனில் தேடுகிறார்கள். முப்பது மடங்கு, அறுபது மடங்கு, நூறு மடங்கு என்று வரிசையாக எண்கள் வந்து நிற்கின்றன. பத்து மடங்கு என்று அடக்கமாக ஒரு கண்ணாடி ஓரத்தில் இருக்கிறது. அதை யார் சீண்டுவார்கள்? நூறைக் கொடுக்கிறவன் இருக்கும்போது பத்தை வாங்குகிறவன் பைத்தியக்காரன் என்று நம் கணக்கு வாத்தியார்கள் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை நான் காட்டூரில் பார்த்தேன். பழவேற்காடு ஏரிப் பக்கத்து ஊர் அது. அங்கே அறுபதைக் கடந்த ஒரு நாவிதர், பழைய கத்திகளைக் கேட்டவர்களுக்குத் தீட்டித் தருவார். சென்னையிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர் தம் கத்தியை அவரிடம் கொடுத்துத் தீட்டி வாங்கினார். வாங்கியவர் பையிலிருந்து விளக்கு வைத்த ஒரு சின்னக் கருவியை எடுத்து விளிம்பின் மேல் வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“என்ன பெரியவரே, ஒரே கோடும் கீறலுமா இருக்கே? அறுபது மடங்குல பார்த்தா வயக்காடு உழுத மாதிரி இருக்கு.”

“கல்லுல தேச்சா கோடு இருக்காதா தம்பி? மோவாயில வச்சுப் பாருங்க. இழுத்துதுன்னா காசு குடுக்காதீங்க.”

இளைஞர் மோவாயில் வைத்துப் பார்க்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டு, பெரியவருக்குத் தொழில் மறந்துவிட்டது என்ற தீர்மானத்தோடு போய்விட்டார். ஐம்பது வருஷம் பழகிய கையின் பேரை ஐந்து நிமிஷத்தில் கெடுத்துவிட்டது ஒரு பிளாஸ்டிக் குழாய். இந்த அநியாயத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான் கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்டவன். ஆனால் அந்த இரண்டு வருஷப் பௌதிகமே இந்தப் பொய்யை உடைக்கப் போதும். கையில் பிடித்துப் பார்க்கும் கண்ணாடி எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. சாதாரணக் கண் ஒரு பொருளைத் தெளிவாகப் பார்க்கும் கிட்டத்துத் தூரம் 25 சென்டிமீட்டர். அதைக் கண்ணாடியின் குவிதூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு என்பது வந்துவிடும். பத்து மடங்கு வேண்டுமானால் குவிதூரம் இரண்டரை சென்டிமீட்டர். இருபது மடங்கென்றால் ஒன்றேகால் சென்டிமீட்டர். அறுபதென்றால் நான்கே மில்லிமீட்டர்.

இனிக் கடையில் தொங்குகிற சரக்கைப் பாருங்கள். ‘40 மடங்கு, 25 மில்லிமீட்டர்’ என்று எழுதியிருக்கும். ஒரே வில்லைதான், அகலம் 25 மில்லிமீட்டர். நாற்பது மடங்குக்கு அதன் குவிதூரம் சுமார் 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அந்த அகலத்தில் முழு உருண்டையாக ஒரு கோலிக்குண்டையே செய்து பார்த்தாலும் அதன் குவிதூரம் 6-க்கு மூன்று மடங்கு, அதாவது 18 மில்லிமீட்டருக்குக் குறையாது. கோலிக்குண்டே பதின்மூன்று மடங்குக்கு மேல் போகாதபோது, தட்டையான இந்த வில்லை நாற்பதை எங்கிருந்து கொண்டுவரும்? எண்ணை அச்சடித்தவன் அச்சகத்திலிருந்து கொண்டுவந்தான். வேறெங்கிருந்தும் வரவில்லை.

சரி, பொய் சொல்லாத அறுபது மடங்குக் கருவியும் உண்டு. காட்டூரில் நான் பார்த்தது அந்த ஜாதி. இரண்டு வில்லைகளைக் குழாயில் அடுக்கிய சின்ன நுண்ணோக்கி. அதையாவது ஏற்றுக்கொள்ளலாமா? அதற்குள் ஒரே சமயத்தில் தெரிகிற இடம் சுமார் இரண்டு மூன்று மில்லிமீட்டர். கத்தியின் விளிம்போ மூன்று அங்குலம். ஒரு பக்கம் முழுவதையும் பார்க்க முப்பது தடவை நகர்த்த வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் அறுபது. எவன் அறுபது தடவை நகர்த்துகிறான்? இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மூன்று அங்குலத்துக்கும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். அது மட்டுமல்ல. பெருக்கம் ஏற ஏறத் தெளிவாகத் தெரிகிற ஆழம் குறைகிறது. சாய்ந்திருக்கும் விளிம்பில் ஒரு மயிரளவு தெளிவாகவும் மற்றதெல்லாம் பனிமூட்டமாகவும் தெரியும். பத்து மடங்குக் கண்ணாடியோ ஒரு பார்வையில் ஒன்றரைச் சென்டிமீட்டராவது காட்டும். ஐந்து பார்வையில் ஒரு பக்கம் முடிந்துவிடும். எந்த இடத்தில் குறை, அது கத்தியின் நுனியிலா அடியிலா, கல்லில் கை சாய்ந்ததாலா என்பதெல்லாம் அப்போதுதான் புரியும்.

நம்பாதவர்கள் வைர வியாபாரிகளைக் கேட்கட்டும். உலகமெங்கும் வைரத்தின் குறையைப் பார்க்கும் கணக்கு பத்து மடங்குதான். பழகிய கண் பத்து மடங்கில் பார்த்து உள்ளும் புறமும் மாசு தெரியாவிட்டால் அந்தக் கல் மாசற்றது என்று சான்றிதழ் எழுதிவிடுகிறார்கள். லட்சக்கணக்கான ரூபாய் கைமாறுகிற இடத்தில் பத்து போதும். நம் மோவாய்க் கட்டைக்கு மட்டும் நூறு வேண்டுமாம்! திருப்பூர்ப் பக்கம் துணி வியாபாரிகள் பையில் வைத்திருக்கும் மடக்குக் கண்ணாடியைப் பார்த்திருப்பீர்கள். அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவதற்கு வைத்திருப்பது. அதுவும் பத்துக்கு உட்பட்டதுதான். பார்க்க வேண்டியது எதுவோ அதற்கேற்ற கண்ணாடியைத் தொழில் தெரிந்தவர்கள் எப்போதோ தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

“லீவன்ஹூக் 270 மடங்கு வரை பெரிதாக்கினாரே?” என்று ஒருவர் என்னை மடக்கப் பார்த்தார். பழவேற்காட்டைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெயர் வருவது பொருத்தமே. 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அந்தத் துறையிலிருந்து சோழமண்டலத் துணிகள் கப்பலேறின. அதே நூற்றாண்டில் ஹாலந்தில் டெல்ஃப்ட் நகரத்தில் துணிக்கடை வைத்திருந்தவர்தான் லீவன்ஹூக். இழையின் தரம் பார்க்கும் கண்ணாடியிலிருந்துதான் அவருக்கு இந்தப் பித்துப் பிடித்தது என்பார்கள். மிளகைவிடச் சிறிய வில்லையைத் தாமே செய்து, கண்ணோடு ஒட்ட வைத்து, தண்ணீர்த் துளியில் நெளியும் உயிர்களைப் பார்த்தார். உலகமே அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் 270 அவருக்கு வேண்டியிருந்தது கிருமியைப் பார்ப்பதற்கு. துணி பார்ப்பதற்கு அல்ல. கத்தியின் விளிம்பில் நாம் கிருமியையா தேடுகிறோம்?

என்னதான் தேடுகிறோம் என்ற கேள்விக்கு இங்கே பதில் சொல்லியாக வேண்டும். கூர்மையைத் தேடுகிறோம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கூர்மை கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நன்றாகத் தீட்டிய சவரக் கத்தியின் முனை அரை மைக்ரானுக்கும் குறைந்த தடிப்பு. நாம் பார்க்கிற ஒளியின் அலைநீளமோ 0.4-லிருந்து 0.7 மைக்ரான் வரை. ஒளியின் அலையைவிட மெல்லிய ஒன்றை அந்த ஒளியைக் கொண்டு பார்த்து அளவிட முடியாது. நூறல்ல, ஆயிரம் மடங்கு வைத்தாலும் முடியாது. அதற்கு எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். குளியலறையில் அதற்கு இடமில்லை.

அப்படியானால் கண்ணாடி எதற்கு? மழுங்கலைப் பார்ப்பதற்கு. கத்தியின் விளிம்பை நேராகக் கண்ணை நோக்கித் திருப்பி, பக்கத்திலிருந்து விளக்கு வெளிச்சம் படும்படி பிடித்துப் பாருங்கள். கூராக இருக்கும் இடத்தில் ஒன்றும் தெரியாது, வெறும் இருட்டு. மழுங்கிய இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு மின்னும். முனை தட்டையாகிவிட்டால்தான் ஒளி அதில் பட்டுத் திரும்பும். உடைந்த பல், பொடிப் பொடியான பள்ளம், முரட்டுக் கல்லின் கீறல் விளிம்புவரை ஓடி முனையைக் கிழித்திருப்பது, இரண்டு பக்கச் சாய்வும் ஒன்றையொன்று தொடாமல் நிற்பது, இவையெல்லாம் பத்து மடங்கில் பளிச்சென்று தெரியும். கையால் திருத்தக்கூடிய குறைகள் இவ்வளவே. இதற்கும் கீழே உள்ள கீறல்கள் எந்தக் கல்லில் தேய்த்தாலும் இருக்கும். அவற்றைக் கண்டு பயந்து மீண்டும் மீண்டும் கல்லில் போட்டுத் தேய்த்தவர்கள் கத்தியைத்தான் தேய்த்துத் தீர்த்தார்கள்.

காட்டூர் மாதிரி ஊர்களில் இன்னொரு எதிரியும் உண்டு. பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. கடலும் பக்கத்திலேயே. உப்புக் காற்று கார்பன் எஃகுக்கு யமன். எண்ணெய் தடவாமல் வைத்த கத்தியின் விளிம்பில் ஊசி முனையால் குத்தின மாதிரி கறுப்புப் புள்ளிகள் விழும். பெருவிரலுக்கு அவை தெரியாது. துரு உள்ளே அரித்துக்கொண்டே போய், ஒரு நாள் சவரத்தின் நடுவில் அந்த இடம் பொடிந்துவிடும். பத்து மடங்குக் கண்ணாடி அந்தப் புள்ளியை முன்னாலேயே காட்டிக் கொடுக்கும். கடலோரத்தில் கத்தி வைத்திருப்பவனுக்குக் கண்ணாடி ஓர் அலங்காரம் அல்ல.

இங்கே இன்னொரு கட்சிக்காரர்களும் எனக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. “கண்ணாடியே வேண்டாம். நம் பழைய நாவிதர்கள் எந்தக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார்கள்? கை சொல்லும், விரல் சொல்லும்” என்று உருகுகிறவர்கள் இவர்கள். கை சொல்லும் என்பது உண்மைதான். கருவி மயிரை அறுக்கும் கூர்மையோடு இருக்க வேண்டும் என்று சுசுருதரின் வைத்திய நூலே சொல்கிறது. முன்கை மயிரில் வைத்துப் பார்ப்பது இன்றைக்கும் அதே சோதனைதான். ஆனால் ‘கண்ணாடி வேண்டாம்’ என்பது நன்றாகக் கண் தெரிகிறவன் பேச்சு. நாற்பது வயதானால் வெள்ளெழுத்து வருகிறது. கிட்டத்துப் பொருள் மங்குகிறது. தீட்டுகிறவருக்கு விளிம்பு தெரியவில்லை. தெரியாததை வெளியே சொல்லவும் வழியில்லை. சொன்னால் பிழைப்புப் போய்விடும். எங்கேயாவது ரத்தம் எட்டிப் பார்த்தால் திட்டு விழும். கழுத்தை நம்பி நீட்டிய அதே மனிதர்கள் அவரைத் திண்ணைக்கு மேல் ஏற விடவில்லை. ஊருக்கு வைத்தியம் பார்த்ததும் அந்தக் குடும்பம், பிரசவம் பார்த்ததும் அந்தக் குடும்பத்துப் பெண்கள். அப்படிப்பட்டவருக்கு வயதான காலத்தில் ஒரு கண்ணாடி வாங்கித் தர வேண்டும் என்று எந்தக் களத்துமேட்டிலும் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாமல் விட்டுவிட்டு, இப்போது அதையே ஒரு பரம்பரைப் பெருமையாக ஜோடித்துப் பேசுவது நியாயமா?

கிட்டப் பார்வை தெரிவதால் உழைப்பாளிக்கு என்ன லாபம் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. அஸ்ஸாமில் தேயிலை பறிக்கும் 40 வயது கடந்த 751 தொழிலாளரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுக்கப்பட்டவர்கள், கொடுக்கப்படாதவர்களைவிடச் சுமார் 22 சதவிகிதம் அதிகமாக வேலை செய்தார்கள் என்று 2018-இல் முடிவு வெளியாயிற்று. கையும் அனுபவமும் அதேதான். கண் மட்டும் தெளிந்தது. வலை பின்னுகிற மீனவருக்கும் கத்தி தீட்டுகிற நாவிதருக்கும் இது பொருந்தாது என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆகவே என் கட்சி இரண்டு பக்கமும் அடி வாங்கக்கூடிய கட்சி. கண்ணாடி வேண்டும்; நூறு மடங்கு வேண்டாம். பத்து மடங்கு, உண்மையான பத்து மடங்கு. மூன்று வில்லைகளை ஒட்டிச் செய்த ட்ரிப்ளெட் என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒற்றை வில்லையில் ஓரத்துக் கோடுகள் வளையும். நீலமும் சிவப்புமாக நிழல் தட்டும். அந்த நிழலைக் கத்தியின் குறை என்று நினைத்து ஏமாறுவீர்கள். வில்லையின் அகலம் 18 மில்லிமீட்டர் இருந்தால் போதும்.

கடைக்காரரின் எண்ணை நம்ப வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கட்டம் போட்ட தாளை எடுத்துப் போங்கள். கண்ணாடியில் கட்டங்கள் ஓரம் வரை நேராகத் தெரிகிறதா பாருங்கள். தூரத்து ஜன்னலின் பிம்பத்தை ஒரு தாளில் விழச் செய்து, கண்ணாடிக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலில் அளந்து, 25-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். ஒட்டு வில்லையில் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின்னாக வரும். ஆனால் நாற்பது என்று எழுதியது எட்டாக வந்தால் அது முன்பின் அல்ல, மோசடி.

பார்க்கும் முறையும் முக்கியம். கண்ணாடியைக் கத்தியிடம் கொண்டுபோகாதீர்கள். கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்து, முழங்கைகளை மேஜையில் ஊன்றிக்கொண்டு, கத்தியை மெல்லக் கண்ணாடியிடம் கொண்டுவாருங்கள். விளக்கு பக்கவாட்டில் இருக்கட்டும். இருபது மடங்குக்கு ஆசைப்பட்டால் கத்தி ஒன்றேகால் சென்டிமீட்டருக்குள் வந்தாக வேண்டும். தலையின் நிழலே அதன் மேல் விழும். மூக்கு நுனிக்கும் உத்தரவாதமில்லை.

பார்த்து முடித்த பிறகு தீர்ப்பைக் கண்ணாடியிடம் விடாதீர்கள். வெள்ளைக் கோடு இல்லை, உடைந்த பல் இல்லை, துருப் புள்ளி இல்லை என்று சொல்லிவிட்டால் அதன் வேலை முடிந்தது. மிச்சத்தை முன்கை மயிர் சொல்லும். அதற்கு மேல் மோவாய் சொல்லும். அதுவும் சரி என்று சொன்னால் தீட்டித் தந்தவருக்கு முழுக் கூலியையும் கொடுத்துவிட்டு, மரியாதையாக ஒரு வணக்கமும் சொல்லிவிட்டு வாருங்கள். பெரிதாக்கிப் பார்க்கத் தெரிந்துகொண்டதால் மனிதரைச் சிறிதாக்கிப் பார்க்கும் உரிமை நமக்கு வந்துவிடவில்லை.